தட்டு சுடுகிறது என்று யாரும் சொல்லவில்லை

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மகாராஜன் போனில் ஒரு வீடியோ அனுப்பினான். மகாராஜன் முன்பு எங்கள் பட்டாசுக் கம்பெனியில் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். இப்போது வேறொரு கம்பெனியில் போர்மேன். கூடவே அவன் குரலும் வந்தது.

"அண்ணே, எங்க கம்பெனியில சூப்பர்வைசர்மாருக்கெல்லாம் லீடர்ஷிப் கிளாஸ் எடுக்காக. ஆளுகள எப்படி உற்சாகப்படுத்தணும்னு இந்த வீடியோவப் போட்டுக் காட்டுனாக. பேசுறது ஆருன்னு பாருங்க. நீங்க என்ன சொல்லுதீக?"

பார்த்தேன். பெரிய ஏசி ஹால். மேடையில் எங்கள் சின்ன முதலாளி நவீன். கன்னத்தோரம் ஒட்டிய மைக். அங்குமிங்கும் நடந்தபடி பேசுகிறார். நல்ல பேச்சுதான், எப்போதுமே அவருக்கு நல்ல பேச்சு. கடைசியில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்க எல்லா கம்பெனியிலயும் இருக்காங்க. என் தொழிலாளர்கள் எனக்காக உயிரையும் கொடுப்பாங்க. அந்த அன்பைச் சம்பாதிக்கிறவன்தான் தலைவன்."

ஹால் முழுக்கக் கைதட்டல்.

டீ கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். கொடுப்பார்களாம். ஏற்கெனவே ஒருத்தி கொடுத்துவிட்டாள். அவள் பெயர் பேச்சியம்மாள். இன்னொருத்தி இரண்டு கைகளைக் கொடுத்தாள். அவள் பெயர் செல்வி. இந்த இரண்டு பெயர்களும் அந்த அரைமணி நேரப் பேச்சில் எங்கும் இல்லை. இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மகாராஜன் என்ன சொல்லுதீக என்று கேட்டிருக்கிறான். சொல்கிறேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். வானம் பார்த்த பூமி, ஏழு பேர் சாப்பிட வேண்டிய வீடு. பியூசி முடித்தவுடன் பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குக் காகிதம் வெட்டப் போனேன். அப்புறம் வெடிமருந்துக் கிட்டங்கியில் எடை போட்டேன். பிறகு போர்மேன் பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, சான்று வாங்கினேன். மொத்தம் முப்பத்து நான்கு வருஷம் ஒரே கம்பெனி. அதில் இருபத்தெட்டு வருஷம் போர்மேன். எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், எந்த நேரத்தில் கலக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் போர்மேன் பொறுப்பு. ஏதாவது நடந்தால் முதலில் எழுதப்படுகிற பெயர்களில் அவன் பெயரும் ஒன்று. அது சரியான ஏற்பாடுதான். அதில் எனக்கு எப்போதும் குறை இருந்ததில்லை.

என்னை வேலைக்கு எடுத்தவர் நவீனின் அப்பா ரத்தினசாமி முதலாளி. அவரைத் தெய்வமாக்கி எழுத நான் உட்காரவில்லை. அவருக்கு வாய் சரியில்லை. பெண்கள் நிற்கும்போதே கெட்ட வார்த்தை வரும். லீவு என்ற சொல்லைக் கேட்டாலே கடித்துவிடுவார். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், "ஏன், ஆத்தா நீ வரலைன்னு அங்கன அழுதுக்கிட்டா இருக்கா?" என்பார். நல்ல வேலைக்கு ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யாருடைய குழந்தை பெயரும் அவருக்குத் தெரியாது. என்னையே சில நாள் வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

ஆனால் காலையில் வேன்கள் வந்து நிற்கும்போது அவர் கேட்டில் இருப்பார். தொழிலாளிகளைச் சோதிப்பதற்கு முன்னால் வாட்ச்மேன் அவரைச் சோதிக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். கைக்கடிகாரம், இடுப்புச் சாவி, சட்டைப்பையில் இருக்கும் பேனா எல்லாவற்றையும் கழற்றி மேஜையில் வைப்பார். செருப்பை விடுவார். உடம்பில் இருக்கும் மின்சாரம் தரைக்கு இறங்குவதற்காக ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதை உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். ஒரு நாளும் தவறியதில்லை. அவருடைய மச்சினர் ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து செல்போனோடு உள்ளே நுழையப் பார்த்தார். வாட்ச்மேன் தயங்கி நின்றான். முதலாளி மச்சினரைப் பார்க்கவே இல்லை, வாட்ச்மேனைப் பார்த்து, "நீ நிறுத்தலைன்னா நாளையிலருந்து வராத" என்றார். மச்சினர் வந்த காரிலேயே திரும்பிப் போனார்.

மருந்து கலக்கும் அறைக்கு வேறு யாரையும் அனுப்பும் முன் அவர் போய் வாசலில் நிற்பார். உள்ளே இருப்பவன் கலந்து முடிக்கும்வரை நிற்பார். வெடித்தால் அவரும்தான். அதை அவர் சொன்னதில்லை. நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

நான் போர்மேனாகி இரண்டாவது வருஷம் என்று நினைவு. தீபாவளிக்கு மூன்று வாரம். சீசன் என்றால் அந்த நாட்களில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், கைதான் ஓடும். மருந்து செலுத்தும் வரிசையில் மாரியம்மாள் என்றொரு அக்கா. ஒல்லியான ஆள், வெற்றிலை போடாமல் இருக்க முடியாதவர். பத்து மணிவாக்கில் அறையை விட்டு எழுந்து வெளியே வந்து நின்றுவிட்டார்.

"என்னக்கா?"

"மூத்திர வாடை அடிக்கி போர்மேன் தம்பி."

விளையாட்டில்லை இது. அலுமினியப் பவுடரும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டுவிட்டால் அது தனக்குள்ளேயே மெல்லச் சூடேறும். புகை வராது, சத்தம் வராது. அப்படிச் சூடேறும்போது மூத்திர வாடை ஒன்று வரும். கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே பற்றும். அந்த வாடையும், தொட்டால் தெரிகிற வெதுவெதுப்பும்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

நான் மூக்கை நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "ஒண்ணும் இல்லக்கா, உள்ள போங்க. லோடு நிக்குது" என்றேன். மாரியம்மாள் அசையவில்லை. அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேரே அந்த அக்காவிடம் போனார்.

"எந்தப் பக்கத்துலருந்து வருது?"

"தெரியல முதலாளி. ஆனா வருது."

அவ்வளவுதான். மணியை அடித்துவிட்டார். அப்போது இருந்ததே பன்னிரண்டு அறைகள்தான், அத்தனையும் காலி. கையில் இருந்ததை இருந்த இடத்தில் விட்டுவிட்டு எல்லோரும் கேட்டருகே வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். ஒரு மணி நேரம் யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு அவரும் நானும் மட்டும் போனோம். அவர் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு தட்டின் அடியிலும் புறங்கையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், சூடு தெரியாது, புறங்கைக்குத்தான் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். பன்னிரண்டு அறைகள், அத்தனை தட்டுகள். எல்லாம் குளிர்ந்துதான் கிடந்தன.

கடைசியில் பின்பக்கச் சுவர் மேல் ஏறிப் பார்த்தால், அடுத்த காட்டில் காலையில்தான் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். இருநூறு ஆடு. காற்று இந்தப் பக்கம்.

வேப்பமரத்தடியில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். மாரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு. நான் சொன்னேனே, ஒன்றும் இல்லை என்று.

"எவம்லே சிரிச்சது?"

அந்தக் குரலில் காக்காய் பறந்தது. அவர் மாரியம்மாளைப் பார்த்துப் பேசினார், ஆனால் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏ மாரியம்மா, இன்னைக்கு ஆட்டு மூத்திரம். நாளைக்கும் வாடை அடிச்சா நாளைக்கும் எந்திருச்சு வா. நாளக்கழிச்சும் வா. நீ வராத அன்னைக்குத்தான் எனக்குப் பயம்." பிறகு என் பக்கம் திரும்பினார். அப்போது சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது. ஒரு தொழிலாளி வெளியே வந்தபின் உள்ளே போ என்று சொல்ல நீ யார் என்பது அதன் சாரம்.

அன்று அரைநாள் வேலை போயிற்று. மதுரைக்குப் போக வேண்டிய லாரி பாதி லோடோடு போனது. ஆபீஸ் ஜன்னலோரம் நின்று வியாபாரியிடம் போனில் அவர் பேசியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். "சரக்கு கொறையுது. என்னாலதான். நான்தான் வேலைய நிறுத்துனேன்." மாரியம்மாள் பெயரும் ஆட்டுக்கிடையும் அந்தப் பேச்சில் வரவில்லை.

அதற்கப்புறம் எங்கள் கம்பெனியில் யார் வேண்டுமானாலும் எழுந்து வெளியே வருவார்கள். வேலை கற்க நேற்று வந்தவளும் வருவாள். முக்கால்வாசி வீண் பயம்தான். ஒரே ஒரு தடவை நிஜம். தட்டு சுடுகிறது என்று ஒருவன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். மணி அடித்து, எல்லோரும் மரத்தடிக்கு வந்து கொஞ்ச நேரத்தில் அந்த அறை கூரையோடு போனது. ஆள் போகவில்லை. அந்த மனுஷன் எங்களை உற்சாகப்படுத்தியதே இல்லை. ஆனால் அவர் கம்பெனியில் நாங்கள் வாயைத் திறந்து வேலை பார்த்தோம்.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்து படுத்தபின் நவீன் வந்தார். வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். முதல் மாதத்திலேயே எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரிந்துவிட்டது. யாருக்குப் பிறந்தநாளோ அவருக்குக் கேக். பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை கட்டினார். குடிக்க நல்ல தண்ணீர் வைத்தார். அவர் அப்பா முப்பது வருஷம் செய்யாததை ஆறு மாதத்தில் செய்தார், அதை மறைக்க மாட்டேன். எல்லோருக்கும் அவரைப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. என்னைக் "கேப்டன்" என்று கூப்பிடுவார். ஐம்பது வயதில், அதுவரை திட்டு மட்டுமே வாங்கி வந்தவனுக்கு, அது எப்படி இருந்திருக்கும்?

பிறகு அறைகளை டீமாகப் பிரித்தார். மின்னல், புயல், சிகரம். கேட்டருகே பெரிய போர்டு. எந்த டீம் எத்தனை பெட்டி முடித்தது என்று மத்தியானமும் சாயங்காலமும் எழுதுவார்கள். ஜெயித்த டீமுக்கு நட்சத்திரம் ஒட்டுவார்கள். காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கைதட்டி, "நம்மால் முடியும்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்னார்கள், மனதாரத்தான் சொன்னார்கள். வீட்டில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத பெண்கள் அந்த நட்சத்திரத்துக்காக மத்தியானச் சோற்றைப் பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். போர்மேனாக நிறுத்தினால் தவிர, வேலை நிற்கிற நேரம் டீமின் கணக்கில் கழிந்தது. அதாவது ஒருத்தி பயந்து எழுந்து வந்தால் அவளோடு இருக்கிற அத்தனை பேரும் தோற்றார்கள்.

செல்வி அப்போது வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். கெட்டிக்காரி. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஒருநாள் அவள் எழுந்து வந்து, "அண்ணே, ஒரு மாதிரி வாடை வருது" என்றாள். நான் வேலையை நிறுத்தினேன், பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாள் காலை, கைதட்டல் முடிந்ததும் நவீன் மைக்கில் செல்வியை முன்னால் கூப்பிட்டார். சிரித்த முகம். "நம்ம செல்விக்கு மூக்கு ரொம்பப் பவர். அதனால கம்பெனி சார்பா ஒரு பரிசு" என்று ஒரு சென்ட் பாட்டிலைக் கொடுத்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள், வாங்கிக்கொண்டாள். நவீன் அவள் முதுகில் தட்டிக்கொடுத்து, "பாசிட்டிவா இருக்கணும், என்ன?" என்றார். அவருக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஒரு சொல்கூடக் கடுமையாகப் பேசவில்லை. அவர் அப்பா திட்டிய திட்டுக்கு ஒருவரும் வாயை மூடியதில்லை. இவர் கொடுத்த ஒரு சென்ட் பாட்டிலில் கம்பெனி முழுக்க வாயை மூடிக்கொண்டது.

நானும் சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷமே செல்வி சிறந்த தொழிலாளி ஆனாள். கேட்டில் அவள் போட்டோ மாட்டியிருந்தது.

சித்திரை மாதம். முதல் நாள் சாயங்காலம் கோடை மழை அடித்து, மறுநாள் காலையிலேயே வெயில் சுள்ளென்று ஏறியது. வடக்கே ஒரு பெரிய ஆர்டர், மறுநாள் லாரி கிளம்ப வேண்டும். மருந்து கலப்பது எப்போதும் காலை வேலை. வெயில் ஏறியபின் கலக்கக் கூடாது, கலந்ததை அதிக நேரம் வைத்திருக்கவும் கூடாது. அன்று காலைக் கலவை பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. இன்னொரு தரம் கலக்கச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. நான் எழுந்து ஆபீசுக்குப் போனேன்.

"சார், வெயில் ஏறிருச்சு. இனிமே கலக்கக் கூடாது. நேத்து மளையில மூட்டை நனைஞ்சிருக்கான்னும் ஒவ்வொண்ணாப் பாக்கணும். நாளைக் காலையில வச்சுக்குவோம்."

நவீன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். ஏசி அறை, நல்ல வாசனை. "கேப்டன், நீங்களே நெகட்டிவா பேசலாமா? உங்களைப் பார்த்துத்தான் மொத்த டீமும் ஓடுது. மின்னலுக்கும் புயலுக்கும் இன்னும் பத்துப் பெட்டிதான் வித்தியாசம். அவங்க எம்புட்டு ஆர்வமா இருக்காங்க தெரியுமா? நீங்க முடியாதுன்னு சொன்னா நான் நிறுத்திடறேன். சொல்லுங்க."

முடிவை என்னிடமே கொடுத்தார். அவர் அதட்டியிருந்தால் நான் முரண்டு பிடித்திருப்பேன். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அப்பாவோடு எத்தனையோ நாள் மல்லுக்கட்டியவன் நான். இவர் தோளில் கை வைத்தார். "பாத்துச் செய்வோம் சார்" என்றேன்.

கலந்தார்கள். மூட்டையைப் பிரித்து உள்ளே கையை விட்டு ஈரம் பார்ப்பது என் வேலை. மேலாகத் தடவிப் பார்த்துவிட்டு விட்டேன். ஒன்றரை மணிக்கு வரிசையில் நடந்து போனேன். பதினாறாம் அறை வாசலில் நின்றேன். உள்ளே செல்வியும் பேச்சியம்மாளும். பேச்சியம்மாள் நாற்பது வயதுக்காரி, புருஷன் இல்லை, இரண்டு பையன்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு மருந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தட்டு இருந்தது. செல்வி கையைத் தட்டிலிருந்து எடுத்துச் சேலையில் துடைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். "ரெண்டு தட்ட வெளிய வைங்க" என்று சொல்ல வேண்டும். "சீக்கிரம் முடிங்க தாயீ" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பத்தொன்பதாம் அறையைத் தாண்டியிருப்பேன். முதுகில் யாரோ பலகையால் அடித்த மாதிரி இருந்தது. சத்தம் அப்புறம்தான் கேட்டது. திரும்பினால் பதினாறுக்குக் கூரை இல்லை.

பேச்சியம்மாளை வெளியே எடுக்கவே முடியவில்லை. செல்வி வாசலுக்கு வெளியே கிடந்தாள். மற்றதை நான் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

அன்று சாயங்காலம் நவீன் ஆபீசில் உட்கார்ந்து அழுதார். அது நடிப்பில்லை, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் நடித்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்து, மேனேஜர் டைப் அடித்து வைத்திருந்த தாளை என் முன்னால் நகர்த்தினார். தொழிலாளர்கள் தட்டைத் தரையில் இழுத்ததால் ஏற்பட்ட உராய்வில் விபத்து நேர்ந்தது, போர்மேன் பலமுறை எச்சரித்தும் அவர்கள் கவனக்குறைவாக இருந்தனர் என்று இருந்தது.

"இது உங்களுக்கும் நல்லது கேப்டன்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், தீக்காய வார்டுக்கு. செல்விக்கு முகம் தப்பியிருந்தது. கைகள் இரண்டும் முழங்கை வரை கட்டு. அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் கட்டிலருகே போய் நின்றேன். அவளே பேசினாள்.

"அண்ணே, தட்டு வெதுவெதுன்னு இருந்துச்சு."

"எப்ப?"

"நீங்க வாறதுக்கு முந்தியே. வாடையும் வந்துச்சு. பேச்சியக்காகிட்டச் சொன்னேன். அக்கா, 'எந்திரிச்சா புயலு ஜெயிச்சிரும்டி, இன்னும் ரெண்டு பெட்டிதான், முடிச்சிட்டுச் சொல்லுவோம்'னு சொல்லுச்சு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. திரும்பவும் எல்லாரு முன்னாடியும் சிரிப்பாகளேன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நாங்க தட்ட இழுத்தோம்னு எழுதிருக்காமே? எங்க மாமா சொன்னாரு. நாங்க இழுக்கலண்ணே. தூக்கித்தான் வச்சோம்" என்றாள்.

வார்டை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்றுகொண்டு நான் அவ்வளவு நாளும் பேசாத கெட்ட வார்த்தைகளையெல்லாம் பேசினேன். அவரைத் திட்டினேனா, என்னைத் திட்டினேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

சாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தட்டு சுடுகிறது, வாடை வருகிறது, கதவு கைக்கெட்டும் தூரத்தில் திறந்திருக்கிறது. எழுந்து வரவில்லை. எதற்கு? ஒரு நட்சத்திரத்துக்கு. ஆள்களை ஊக்கப்படுத்துவது பெரிய குணம் என்று மேடைபோட்டுச் சொல்கிறார்களே, நவீன் அவளை முழுசாக ஊக்கப்படுத்தியிருந்தார். தப்பித்து ஓடுகிற புத்தியைக்கூட மறக்கிற அளவுக்கு. வேலைக்காரன் கெட்ட செய்தியைக் கொண்டுவந்தால் முதலாளியின் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பாருங்கள். நான் பார்த்தவரை ஒரு முதலாளியின் குணம் என்பது அந்த ஒரு நொடியில் இருக்கிறது. ரத்தினசாமி முகம் மாறியது, ஆனால் காது கேட்டது. நவீனின் முகம் மாறவே இல்லை, சிரித்தபடியே இருந்தது. அவர் காதுக்குள் எதுவும் போகவில்லை.

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் போனேன். முன்னால் கொடுத்த வாக்குமூலம் பொய் என்றேன். வெயில் ஏறியபின் கலந்தது, ஈரம் சரியாகப் பார்க்காதது, மூன்று தட்டு இருந்தது, நான் பார்த்தும் நிறுத்தாதது எல்லாவற்றையும் என் கையால் எழுதிக்கொடுத்தேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "இப்படி எழுதினா உங்க மேலயும் கேஸ் வரும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அன்னைக்கு ஏன் நிறுத்தலை?" என்று கேட்டார். "என்னைக் கேப்டன்னு கூப்பிட்டாக சார்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கம்பெனியில் என்னை அன்றே வெளியே அனுப்பினார்கள். போர்மேன் சான்று ரத்தானது. கேஸ் வந்தது, இன்னும் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் நியாயம்தான். செல்வியின் மேலும் செத்தவள் மேலும் போட்ட பழி நீங்கியது, அது ஒன்று நடந்தது. கம்பெனியின் லைசென்சைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு சொந்தக்காரர் ஒருவர் பெயரில் அதே கேட் திறந்தது. நவீன் பட்டாசை விட்டுவிட்டு, தலைவனாவது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார்.

செல்வி வீட்டுக்கு வந்து நாலைந்து மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். வலது கையில் விரல்கள் ஒட்டிப்போயிருந்தன, இடது கையில் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. வாசலில் எனக்கு ஸ்டூல் போடச் சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, நான் எழுதிக்கொடுத்ததைச் சொன்னேன், சான்று போனதைச் சொன்னேன், என்னை மன்னிச்சிரு தாயீ என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அதெல்லாம் சரிண்ணே. உண்மையச் சொன்னீக. பேச்சியக்கா மயன்களும் நிம்மதியா இருக்காக." தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா அன்னைக்கு வாசல்ல வந்து நின்னீகள்ல. நான் உங்களயே பாத்தேன். நானா எந்திரிச்சு வந்தாத்தானே டீமு தோக்கும், போர்மேன் அண்ணன் வெளிய வான்னா தோக்காதுல்ல, அவரு சொல்லட்டும்னு பாத்தேன். உங்களுக்கு என் மொகத்தப் பாத்தாத் தெரியலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரிஞ்சுச்சா, தெரியலையா? அதுமட்டும் சொல்லுங்க."

அவள் காத்திருந்தாள். பிறகு ஒட்டிப்போன கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.

"அடுத்த தரம் வந்தா அதச் சொல்லிட்டு உக்காருங்க. இல்லேன்னா வராதீக."

மூன்று வருஷம் ஆகிறது. செல்வியின் ஊர் வழியாகத்தான் வாய்தாவுக்கு பஸ் போகிறது. நான் இன்னும் இறங்கவில்லை.